வேலைச் சட்டைக்குள் ஒரு கதை

ஆறு வருடத்தில் ஒன்பது வேலை பார்த்தாகிவிட்டது. காவல் காத்து, தட்டு கழுவி, மூட்டை தூக்கி, கடைசியில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வந்து ஒதுங்கியிருந்தான். கதை எழுதுகிறவனை அங்கே எல்லோரும் கவிஞர் என்றார்கள். இரண்டு முறை திருத்திப் பார்த்தான், பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

அழுக்குத் துணிகளின் பைகளைத் துழாவிவிட்டு இயந்திரத்தில் போடுவது அவன் வேலை. டாக்டர்களின் பேனா, நர்சுகளின் ஹேர்பின் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைப்பான். ஊரார் பைகளையெல்லாம் துழாவியவன், அந்த வெள்ளிக்கிழமை காலை, முந்தைய நாள் போதை தெளியாமல், தன் வேலைச் சட்டையை அப்படியே உள்ளே வீசினான். மூட்டைகளில் கட்டி வரும் சீட்டுகளின் பின்பக்கம் பதினோரு நாளாக எழுதிய கதை அதற்குள் இருந்தது.

மறுநாள் கொடுத்தாக வேண்டிய கதை. "சனிக்கிழமைக்குள்ள குடுங்க, இனிமே கேக்க மாட்டேன்" என்று பத்திரிகை ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

துவைத்து முடிந்து இயந்திரத்தின் கதவைத் திறந்தால் நாற்பது போர்வையிலும் காகிதத் துணுக்கு. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கையால் பொறுக்கச் சொன்னார். பொறுக்கினான். ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. அதைவிடக் கொடுமை, எழுதியதில் ஒரு வரிகூட அவனுக்கு நினைவில்லை. டீயில்கூடச் சரக்கு கலந்து குடிக்கிறவனுக்கு என்ன நினைவிருக்கும்? முந்தைய நாள் எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமும் கிடையாது.

"எதுக்கு தம்பி இப்படி இடிஞ்சு போய் நிக்கறே?" என்றாள் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா. "டீ நேரத்துல தினம் எனக்குப் படிச்சுக் காட்டினியே. எனக்கு மனப்பாடம்."

போன உயிர் திரும்பி வந்தது. ஒரு சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டான். "சொல்லுங்கக்கா!"

"ஒருத்தன் ஒத்தப் பையோட அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கறான். உள்ளே அண்ணி பேசறது கேக்குது. கதவைத் தட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கறான்."

எழுதிக்கொண்டான். "சரி, தட்டினானா?"

"அதைத்தான் நானும் தினம் கேட்டேன்."

"விளையாடாதீங்கக்கா. மீதிக் கதை?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "மீதி எங்கப்பா இருக்கு? பதினோரு நாளும் இதையேதான் படிச்சே. இன்னிக்குப் புதுசா எழுதினேன்னு வேற சொல்லுவே. உன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம் இருக்கும். நான் எப்படிச் சொல்ல?"

அவனுக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அதே மூன்று வரியைப் பன்னிரண்டாம் தடவையாக எழுதியிருந்தான்.