முன் பிரேக்

என் சிநேகிதன் கலைமணியின் பழைய ரேஸ் சைக்கிளில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மொத்தமும் மெரூன். போர்க்கின் மடிப்பில் மட்டும், துருவுக்கு அடியில் விரல்நீளத்துக்கு வேறொரு சிவப்பு தெரிந்தது. அதைப் பூசியவன் நான்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த வாரம், அவனைக் கேட்காமல் அந்தச் சைக்கிளை எடுத்துப்போய் மதகுக் கட்டையில் மோதினேன். போர்க் உள்பக்கமாக மடங்கிவிட்டது. புளியமரக் கவட்டையில் சொருகி இழுத்து நிமிர்த்தி, மாட்டுக் கொம்புக்குப் பூசி மீந்த பெயிண்டைத் தடவி, எடுத்த இடத்திலேயே சாத்திவைத்தேன். மூன்றாம் நாள் பெரம்பலூரில் ரேஸ். கடைசி வளைவில் அவன் பிரேக் பிடித்ததும் போர்க் மடிந்து தலைகுப்புற விழுந்தான். விழுந்ததால்தான் வளைந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் முழங்கால் போயிற்று. அடுத்த மாதம் திருச்சியில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் போக வேண்டியது, நான் மட்டும் போனேன். ஓட்டத்தில் அவனை நான் ஒருநாளும் முந்தியதில்லை.

இப்போது நான் அரியலூரில் சிறப்பு எஸ்.ஐ. எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லடா என்று மேசையைத் தட்டியிருக்கிறேன். கலைமணிக்குக் குரும்பலூரில் செல்போன் கடை. நான் லீவு நாளில் பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டும் பைத்தியம் என்பதால், தன் மகள் வெற்றிச்செல்வி மாவட்டப் போட்டியில் ஓட்டட்டும் என்று பரணிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டான்.

புது போர்க் போட்டேன். பழையதைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் தெருவைச் சுற்றி வந்தாள். எதிரே ஆடு வந்ததும் பின்சக்கரம் பத்தடி இழுத்துக்கொண்டு போய்த்தான் சைக்கிள் நின்றது. முன் பிரேக்கை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அதத் தொடவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காருங்க மாமா. அதப் புடிச்சுதான் அவரு காலு போச்சாம்."

என் மனைவி புவனேஸ்வரி அவளைக் காபி குடிக்க உள்ளே கூப்பிட்டாள். கலைமணி சைக்கிளைத் தடவிப் பார்த்தான்.

"முன் பிரேக்கக் கழட்டிடு பெருமாளு. என் புத்தி அவளுக்கும் வந்துடப் போவுது."

ஸ்பேனரை எடுத்தேன். நட்டு அரைச் சுற்று கழன்றது. அதற்குமேல் கை ஓடவில்லை. இத்தனை வருஷமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறான், அதைத்தான் பெண்ணுக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். உள்ளே போய்ச் சாக்கைப் பிரித்துப் போர்க்கைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தேன்.

"பிரேக்குல தப்பில்லடா. ரேசுக்கு முன்னாடியே இத நான் மோதி வளச்சிட்டேன். சொல்லல."

சிவப்பு தெரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். எந்த இடத்தில் மோதினேன் என்று மட்டும் கேட்டான். சொன்னேன். வெற்றிச்செல்வி வெளியே வந்ததும் கலைமணி அவளிடம் சொன்னான்.

"இன்னொரு ரவுண்டு போம்மா. இந்தத் தடவ முன் பிரேக்கயும் சேத்துப் புடி."

அவள் அப்பாவை விநோதமாகப் பார்த்தாள். நான் அவசரமாக நட்டை முறுக்கிக் கொடுத்தேன்.

தெருமுனையில் திரும்பி, வேகமெடுத்து வந்தாள். அவன் மடங்காத காலை நீட்டிப் படியில் உட்கார்ந்திருந்தான், போர்க் மடியில். எங்களுக்கு நேரே வந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். சைக்கிள் அப்படியே நின்றது. அவள் சிரித்தாள். அவன் என் பக்கம் திரும்பவில்லை, நின்றுவிட்ட அந்த முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.