சௌனாவுக்குள் சக்கர நாற்காலிகள்

அர்மாஸ் இன்னொரு முறை யாரையாவது அடித்தால் மாத்திரை திரும்ப வந்துவிடும். அவருடைய மனைவி ஹில்க்காவுக்கு இருந்த பெரிய பயம் இதுதான்.

மறதிநோய் முற்றிய கணவரைக் குவோபியோ நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துப் பத்து மாதம் ஆகிறது. ஷவரைக் கண்டால் போதும், மனிதர் கத்துவார், கையை ஓங்குவார். ஒருநாள் ஒரு பணிப்பெண்ணின் உதடு கிழிந்துவிட்டது. உடனே மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். ஹில்க்காவும் சரியென்று தலையாட்டினாள். அர்மாஸ் அடங்கினார். அடேயப்பா, என்ன அடக்கம்! எச்சில் ஒழுக நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எழுந்து நடந்தபோது இரண்டு முறை விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். ஹில்க்கா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துவிட்டுப் போவாள்.

புதிதாக வந்த நர்ஸ் ரீக்காதான் மருந்துச்சீட்டைப் பார்த்துக் கொதித்தாள்.

"மூணு மாசமா யாருமே இதைத் திரும்பிப் பாக்கலையா? மறதிநோய்க்காரங்களுக்கு இது பக்கவாதத்தையே கொண்டுவரலாம். வேற வழியில்லன்னா கொஞ்ச வாரம் குடுக்கிறதை, காபி மாதிரி தினமும் ஊத்திக்கிட்டே இருக்கறதா?"

டாக்டரோடு மல்லுக்கு நின்று, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வைத்தாள். மறுபடி அடித்தால் மறுபடி மாத்திரை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ரீக்கா ஹில்க்காவிடம் வந்தாள். "வீட்ல எப்படிக் குளிப்பாரு?"

"சௌனாவுலதான். சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேரும். ஷவர்ல அவர் நின்னதே இல்ல."

"ஐயோ! இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

ரீக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சரியான கல்லுளிமங்கர்கள்! கேட்காதவர்களும் அப்படித்தான், சொல்லாதவளும் அப்படித்தான். இத்தனைக்கும் அந்த இல்லத்திலேயே ஒரு சௌனா, அடுப்பு மூட்டி ஆவியில் குளிக்கும் மர அறை, இருந்தது. உடைந்த சக்கர நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் தோரணங்களும் அதில் சுகமாகக் குடியிருந்தன.

சனிக்கிழமை மதியம் அத்தனையையும் வெளியே தள்ளி, அடுப்பை இளஞ்சூட்டில் வைத்தார்கள். கீழ்ப்பலகையில் அர்மாஸை உட்கார வைத்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ஹில்க்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பின் மேலிருந்த சூடான கற்களில் ஒரு கரண்டி நீரை ஊற்றினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. அர்மாஸ் கண்ணைத் திறந்தார்.

ரீக்கா துணியில் சோப்பைத் தேய்த்து அவர் தோளைத் தொட்டாள். சட்டென்று அவர் கை மேலே எழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஹில்க்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை ரீக்காவிடமிருந்து துணியைப் பறித்துக்கொண்டது.

"திரும்பு," என்றார் ஹில்க்காவிடம்.

அவள் திரும்பினாள். ஐம்பத்து நான்கு வருடமாகத் தேய்த்துவந்த முதுகை அர்மாஸ் மேலிருந்து கீழாக, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். பின்கழுத்தைக்கூட விடவில்லை. ஹில்க்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண் பொலபொலவென்று கொட்டியது.

"எங்க போயிருந்தே இத்தனை நாளா?" என்று அதட்டினார்.

"இங்கதான் இருந்தேன், அர்மாஸ். தினமும் இங்கதான் இருந்தேன்."