புடலங்காய்க்குக் கட்டிய கல்

மொட்டை மாடியில் நான் வளர்க்கும் புடலங்காய் மூன்றாம் மாடி ஜன்னல்வரை இறங்கிவிட்டது. தரைத்தளத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி.

புடலங்காய் சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்ட வேண்டும். எல்லோரும் செய்வதுதான். நான் கொஞ்சம் பெரிய கல்லாகக் கட்டினேன். காயும் மறுபேச்சு பேசாமல் இறங்கியது.

காய் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு. தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். மனைவி உலகம்மை இறந்ததிலிருந்து அவர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. காபிகூடக் கிடையாது. ஆள் மெலிந்துகொண்டே போனார். போன வாரம் பூட்டிய கதவைத் திறக்காமல் இடுக்கு வழியாகவே வெளியே வந்தார். இன்னும் மெலிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வாசல் வழியாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று. தட்டினால் அவரே வந்து, "வீட்டுல ஆள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். வாசலில் கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்தால், அது எனக்கு முன்னால் படியேறி என் வாசலில் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஜன்னலுக்கு இறங்கி வருவதை மட்டும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மூன்றாம் மாடி ஜெபராணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காயை நறுக்கினாள்.

"எக்கா, நுனியில ரெண்டு சாண்தான் எடுத்தேன். பொரியலுக்கு."

"அது அண்ணாச்சிக்குப் போவுது ஜெபராணி."

"அவருதான் சாப்பிட மாட்டாரே."

கல்லைக் கழுவித் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தாள். அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

வெட்டிய இடத்தில் காய் தானாக மூடிக்கொண்டது. மறுபடி கல்லைக் கட்டினேன். இரண்டாம் மாடியில் வெட்டினார்கள். அதற்கும் முதல் மாடிக்கும் நடுவில் ஒரு மாடி இருந்தது. முந்தின நாள்வரை அது இல்லை. அங்கே குடியிருந்தவர்கள், பல வருடமாகத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்களும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் கீழே இன்னொரு மாடி. அங்கே கல்யாணம். பந்தியில் என் புடலங்காய்க் கூட்டு. என்னையும் பிடித்து உட்காரவைத்தார்கள். கூட்டு நன்றாக இருந்தது. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஆனால் யாரைக் குறை சொல்ல? விளைந்ததை வீடு வீடாகக் கொடுத்துப் பழக்கியதே நான்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு காய் தொங்கினால் அது தங்களுக்குத்தான் என்று எல்லோரும் மனதார நம்பினார்கள்.

ஆகவே கல்லை அவிழ்த்துவிட்டு நுனியில் என்னைக் கட்டிக்கொண்டேன். ஆள் தொங்குகிற காயை வெட்ட யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஜெபராணி கத்தியோடு நின்றிருந்தாள்.

"எக்கா, எங்க கெளம்பிட்டீய?"

"கீழ."

"வரும்போது கருவேப்பிலை கொண்டாங்க." கத்தியை உள்ளே வைத்துவிட்டாள்.

காய் வளர்ந்தது. நான் இறங்கினேன். கல்யாண மாடியில் இப்போது பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அதற்குக் கீழே இன்னும் மாடிகள் வந்துகொண்டே இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சி இல்லாமலே போய்விட்டால்?

ஒருவழியாகத் தரைத்தளத்து ஜன்னல் வந்தது. உள்ளே யாரும் இல்லை. பிறகு ஜன்னல் கம்பிகளில் ஒன்று கண்ணைச் சிமிட்டியது. அண்ணாச்சி.

"யாரு?"

"கல்லு, அண்ணாச்சி."

"மேல கட்டுன கல்லா?"

"ஆமா."

அவர் கையை நீட்டிக் காயைத் தடவினார். பிஞ்சா என்று நகத்தால் கீறிப் பார்த்தார்.

"உலகம்மை இதுல கடலைப்பருப்பு போடுவா."

"போடுங்க."

"அவதான் போடுவா. எனக்குத் தெரியாது."

"நான் சொல்லுதேன். நீங்க அடுப்பைப் பத்தவையுங்க."

பற்றவைத்தார். நான் தொங்கியபடியே சொன்னேன். பருப்பை வேகவைத்தார். என் கட்டுக்குக் கீழே நீண்டிருந்த காயை வெட்டினார். தேங்காய்க்கு அலைந்தார். கிடைக்கவில்லை. பரவாயில்லை என்றேன்.

தட்டோடு ஜன்னலுக்கு வந்தார். சோற்றில் கூட்டைப் பிசைந்து, முதல் கவளத்தைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார்.

"கல்லு சாப்பிடாது அண்ணாச்சி."

"அப்போ நானும் சாப்பிடல."

வாயைத் திறந்தேன். சுத்தமாக உப்பே இல்லை.

"உப்பு சரியா இருக்கா?"

"சந்தேகமாத்தான் இருக்கு. நீங்க ஒரு வாய் பாருங்க."

பார்த்தார். முகத்தைச் சுளித்தார். தட்டோடு உள்ளே போனார்.

"உலகம்மை, உப்பை எங்கடி வச்ச?" என்று கேட்பது கேட்டது. பிறகு அழுதார். பிறகு ஒரு டப்பா திறந்தது.

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். எனக்கு நீட்ட மறந்துவிட்டார். எனக்கும் பசித்தது. கல்லாகவே தொங்கிக்கொண்டிருந்தேன்.