துணியில் வந்த சிவப்பு

துணியைத் திருப்பிப் பார்த்தபோது அதில் சிவப்பு ஒட்டியிருந்தது. எங்கள் கார் சிவப்பு. பானெட்டின் நடுவில் ஒரு மடிப்பு போல மேடு ஓடும். அங்கே பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாலிஷ் வெள்ளை. அழுக்கு கறுப்பு. துணியில் சிவப்பு வரக் கூடாது.

நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. வேக்ஸ் அதன்மேல் படிந்து காக்கும். பாலிஷ் அதைக் கொஞ்சம் சுரண்டித்தான் பளபளப்பாக்கும்; சுரண்டியது திரும்ப வராது. வேக்ஸ் எத்தனை முறையும் போடலாம், பாலிஷ் வேண்டாம் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். வேதியியல் படித்தவள் வீட்டில் சொன்னால் எடுபடாது. பருவம் மாறும்போதெல்லாம், வருடத்துக்கு நான்கு முறை, அப்பாவுக்குக் காரைக் கழுவுவது, பாலிஷ், வேக்ஸ் மூன்றும் நடந்தாக வேண்டும். கார் வாங்கிப் பதினோரு வருடம். முதல் எட்டு வருடம் அம்மா தேய்த்தாள். மணிக்கட்டு வீங்கி, பால் பாத்திரத்தைக்கூடத் தூக்க முடியாமல் போன பிறகு வேலை என்னிடம் வந்தது. அம்மாவின் கைக்கு அப்பா வாங்கித் தந்தது ஒரே ஒரு எலாஸ்டிக் கட்டு. காருக்குப் பன்னிரண்டு துணிகள், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக.

சன்னல் திட்டில் என் கைபேசி இருந்தது. வேறு ஊரில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சேர்கிறேனா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் கேட்டேன். “வண்டி வேலை முடியட்டும், பேசலாம்” என்றார். போன மழைக்கு முன்னால் வேறொரு வேலை வந்தபோதும் இதையேதான் சொன்னார். வண்டி மின்னியது. பேச்சு வரவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி அவர்மேல், மீதி என்மேல்.

எதிர்வீட்டு டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்றார். “என்ன சார், இந்தத் தேய் தேய்க்கச் சொல்றீங்க? ஒருநாள் வண்டியே கரைஞ்சு போயிடப் போகுது!”

நிழலில் நாற்காலி போட்டிருந்த அப்பா சிரித்தார். “பொண்ணு கைராசி டீச்சர். ஷோரூம்லேர்ந்து நேத்து எடுத்த மாதிரி இல்ல?”

“வேலைக்கு அனுப்பலையா இவள?”

“பாக்கலாம், பாக்கலாம்.”

டீச்சர் போனதும் துணியை அப்பாவிடம் காட்டினேன். “கலர் வருதுப்பா.”

“அழுக்கு.”

“அழுக்கு இல்லப்பா. மேல்பூச்சு போயிடுச்சு. இதோட நிறுத்தணும்.”

“உங்கம்மா எட்டு வருஷம் தேச்சா. ஒரு வார்த்தை பேசினதில்ல. அழுத்தித் தேய்.”

சன்னலுக்குள் அம்மா நின்றிருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

“சரிப்பா” என்றேன்.

அழுத்தித் தேய்த்தேன். அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன பாலிஷால், என் முழு எடையையும் விரல்களுக்குக் கொடுத்து. இவ்வளவு ஒழுங்காக நான் அவர் பேச்சைக் கேட்டதே இல்லை. துணி முழுக்கச் சிவப்பானது. பிறகு சிவப்பும் நின்றது. மேட்டின்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வண்டி முழுக்க வேக்ஸ் போட்டு, காயவிட்டு, துடைத்தேன்.

“முடிஞ்சுதுப்பா.”

எப்போதும்போல் மக்கில் தண்ணீரோடு வந்தார். நீர் முத்து முத்தாக நின்றால்தான் வேக்ஸ் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்வார். ஊற்றப் போனவர் நின்றுவிட்டார்.

“என்னடி இது?”

“பிரைமர். கலருக்கு அடியில இருக்கிற பூச்சு. அதுக்குக் கீழ தகரம்தான். இன்னும் தேய்க்கவாப்பா?”

என் குரல் கேட் வரை கேட்டிருக்கும். அப்பா அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மூடினார். அடிபட்ட பிள்ளையைத் தொடுவதுபோல் மெதுவாக.

“மணி நாலே முக்கால். வண்டி முடிஞ்சுது. பேசலாமா?”

அவர் விரலை எடுக்கவில்லை.

நான் சன்னலுக்குப் போனேன். கைபேசி என் விரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ரேகையெல்லாம் வேக்ஸ் அடைத்திருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் இல்லை. உள்ளிருந்து அம்மாவின் இடது கை கம்பிகளுக்கிடையே நீண்டது. அதில் அப்பா பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்த புதுத் துணி, உறை கிழிக்கப்பட்டு.

“தொடச்சுக்கோ” என்றாள்.

ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். திரை திறந்தது. ‘சேர்கிறேன்’ என்ற பதிலின் முதல் எழுத்தைத் தட்டினேன்.

பின்னால் தண்ணீர் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பானெட் முழுக்க நீர் முத்து முத்தாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் இடத்தில் மட்டும் ஒரு முத்துகூட நிற்கவில்லை. அங்கே நீர் தட்டையாகப் பரவி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாளியில் மக்கை முக்கி இன்னொரு தடவை ஊற்றினார்.