ஐந்தாம் திருவிழாவும் ஆறு பெட்டி வைனும்

எங்கள் ஆட்களை யாராவது புகழ்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ரொறன்ரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் பெரிய மனிதர்கள் டிக்கியைத் திறந்துவைத்துப் பேப்பர் கப்பில் விஸ்கி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். தாலி கட்டுகிற நேரம் ஏலக்காயைச் சப்பிக்கொண்டு உள்ளே வந்து பூப்போடுவார்கள். இந்தப் பெரிய மனிதர்கள்தான் என் கணவரைக் கள்ளு விற்கிற தவறணைக்காரன் என்றார்கள்.

என் கணவர் இராஜரட்ணம். உரும்பிராயில் இவருடைய தகப்பனுக்கு ஐந்து பரப்புக் காணியில் திராட்சைத் தோட்டம் இருந்தது. எண்பத்தொன்பதில் இங்கே வந்து ஒரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு நயாகராப் பக்கம் திராட்சைக்கொடி வெட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடிப் போனார். அந்தக் கூலி பெற்றோலுக்கே காணாது என்று நான் கத்தினேன். இவர் காதில் விழவில்லை.

தோட்டத்துக்காரர் யோசப், ஹங்கேரியிலிருந்து வந்த கிழவர். மார்ச் மாதம், பனி இன்னும் கிடக்கிறது. கொடியை நீளமாக விட்டு வெட்டச் சொல்லிவிட்டுக் கிழவர் சாப்பிடப் போயிருக்கிறார். இவர் கை கேட்குமா? ஊரில் பந்தலில் வெட்டுகிற மாதிரி, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணுவை மட்டும் விட்டு ஒரு முழு நிரையையும் ஒட்ட நறுக்கிவிட்டார். எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஒட்ட வெட்டினால்தான் கொடிக்கு ரோசம் வரும் என்பது அவர்கள் கணக்கு. திரும்பி வந்த கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு பனியிலேயே குந்திவிட்டார். அந்தக் குளிருக்கு வேறு ஆள் வரமாட்டான் என்பதால்தான் இவருக்கு வேலை தப்பியது.

அந்த வருடம் அந்த நிரையில் கொடிக்கு நாலு குலைதான் பிடித்தது. ஒரு பழத்தை வாயில் போட்டு அதன் ருசியில் அசந்துபோன யோசப், அந்த நிரையின் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்து ஒரு பீப்பாயில் வைக்கச் சொன்னார். அடுத்த வருடம் மேட்டுத் தோட்டம் முழுவதையும் இவருடைய கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நிலவறைக்குள் கூட்டிப்போய் வைன் வேலையையும் பழக்கினார். தொண்ணூற்றாறில் அங்கே வைன் ஆக்குகிறவர் என் கணவர்தான். போத்தலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இவருடைய பெயர் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இவர் குடிப்பதில்லை. வாயில் விட்டுச் சுழற்றிப் பார்த்துவிட்டு வாளிக்குள் துப்பிவிடுவார். ஒரு மிடறுகூடத் தொண்டைக்குள் இறங்கியதில்லை. வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி. இவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஊரில் முருகன் கோயிலில் ஐந்தாம் திருவிழா இவர்களுடைய குடும்பத்து உபயம், அந்த நாள் செலவும் மரியாதையும் இவர்களுடையது. ஸ்காபரோவில் ஒரு கிடங்குக்குள் புதிதாகத் தொடங்கிய முருகன் கோயிலிலும் அந்த ஐந்தாம் நாளைத் தான் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்.

தொண்ணூற்றேழில் திருவிழா நோட்டீஸ் வந்தது. இவர் பெயர் இல்லை. கோயில் செயலாளர் ஜனார்த்தனன், வீடு வாங்கி விற்கிற ஏஜென்ட், போன் எடுத்துத் தேன் ஒழுகப் பேசினான். "அண்ணை, குறை நினையாதேங்கோ. தவறணைக் காசு சாமிக்குச் சரிவராது எண்டு சனம் கதைக்குது." இவர் ஓம் ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு பேஸ்மென்ட் படியில் போய் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அந்த நாசமறுந்தவனை நான் திட்டாத திட்டு இல்லை.

அடுத்த வருடம் வசந்தத்தில், மேட்டுத் தோட்டத்து வைனுக்கு ஐரோப்பாவில் ஒரு போட்டியில் தங்கப்பதக்கம் கிடைத்தது. இங்கிலீஸ் பேப்பரில் இவருடைய படம் வந்தது. படம் வந்து மூன்றாம் நாள் ஜனார்த்தனன் மாம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நிற்கிறான். எங்கள் இனத்துக்கே பெருமையாம். ஊர்ச் சங்கத்தின் மதிய விருந்தில் பொன்னாடை போடப் போகிறார்களாம். அந்த மேடையிலேயே ஐந்தாம் திருவிழா இவருக்கு என்று அறிவிப்பானாம். ஆறு பெட்டி வைன் மட்டும் கொண்டு வந்தால் போதுமாம்.

அவன் போனதும் உமக்கு வெட்கம் இல்லையா என்று கேட்டேன். "ஐஞ்சாம் திருவிழா, தவம்" என்றார். தவம் என்பது என் பெயர். அன்றைக்கு எனக்கு ஜனார்த்தனனைவிட இவர்மேல்தான் அருவருப்பு வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு மண்டபம். ஆட்டிறைச்சி ரோல்ஸுக்குப் பக்கத்தில் இவருடைய போத்தல்கள் வரிசையாக நின்றன. எங்கள் கனவான்கள் அரைக் கிளாஸ் வைனை ஊற்றி, மிச்சத்துக்குக் கோக்கை ஊற்றி, ஐஸ் போட்டு விரலால் கலக்கினார்கள். பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு கணக்காளர், இது ஏறுதில்லை, ஆரிட்டையும் சாராயம் இருக்கோ என்று மேசை மேசையாய்க் கேட்டுத் திரிந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தூ என்று துப்பிவிட்டு வரலாம்போல் எனக்கு இருந்தது.

மேடையில் பொன்னாடை போட்டான். ஐந்தாம் திருவிழா இந்த வருடம் இராஜரட்ணம் குடும்பத்தினருக்கு என்றான். கைதட்டல். மைக்கை இவரிடம் கொடுத்தான்.

"போன வருசம் நான் செய்த வேலையைத்தான் இந்த வருசமும் செய்யிறன்" என்றார் இவர். "போன வருசம் சாமிக்கு ஆகாத காசு இந்த வருசம் எப்பிடி ஆகிச்சுது எண்டு தம்பி இதில வைச்சுச் சொல்லட்டும். சொன்னா நான் திருவிழா செய்யிறன்."

ஜனார்த்தனன் மைக்கை வாங்கி, அண்ணை பகிடி விடுகிறார், சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிச் சிரித்தான். சனமும் சிரித்தது. இவர் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். நாங்கள் வெளியே போகும்போது மிச்சப் போத்தல்களுக்கு அடிபாடு நடந்துகொண்டிருந்தது.

காரில் அழுதார். "கேட்டிருக்கக் கூடாதோ, தவம்?" என்றார். கேட்டது சரி என்றேன். இவர்மேல் அருவருப்புப்பட்டதற்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஐந்தாம் திருவிழாவை ஜனார்த்தனனே எடுத்துக்கொண்டான். அன்றைக்கு இவர் வேலைக்கு லீவு போட்டார். முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசி, சாமியைப் பார்க்கப் போவோம் என்றார். போய் வாசல் பக்கம் கடைசியில் நின்றோம். தலையில் பரிவட்டத்தோடு முன்னால் நின்ற ஜனார்த்தனன் எங்களைக் கண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு வந்து இவர் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, அந்த வைன் ரெண்டு போத்தல் எடுக்கேலுமோ? வீட்டுக்கு வெள்ளையள் வருகினம்."

எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, உபயகாரருக்கு வைன் ரெண்டு போத்தல் வேணுமாம். கோயிலுக்கோ வீட்டுக்கோ கொண்டு வாறது எண்டு கேளுங்கோ."

சனம் திரும்பியது. தீபம் காட்டிக்கொண்டிருந்த ஐயர்கூடத் திரும்பினார். ஜனார்த்தனனின் கை தன்பாட்டில் பரிவட்டத்துக்குப் போனது. இவர் மட்டும் திரும்பவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பி, அவனுடைய ஐந்தாம் திருவிழாவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.