ஆறேழு நாற்பத்தெட்டு

டினியோவுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. போனது என்று சொல்வதே தப்பு, அவளாகத்தான் தூக்கி எறிந்துவிட்டு வந்தாள். கறுப்புப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் அனுப்பிய புதுப் பாடத்திட்டத்தை அவள் நின்றபடியே படித்தாள். வீடு கூட்டுவது, தோட்டம் கொத்துவது, வெள்ளைக்கார எஜமானி ஏவினால் புரிகிற அளவுக்குப் பேச்சு, அவள் கேட்ட சாமானை எண்ணி எடுத்து வருகிற அளவுக்குக் கணக்கு. படித்து முடித்ததும் அதைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தாள்.

"இதச் சொல்லிக்குடுக்க டீச்சர் எதுக்கு சார், ஒரு வெளக்கமாறு போதுமே."

அப்படி வெளியே நடந்தவள்தான்.

அது 1955. தென்னாப்பிரிக்காவில் பெனோனி ஊரின் கறுப்பர் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். மறுத்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிகள் அடித்துவிட்டன. இனி எந்தப் பள்ளியும் அவர்களைச் சேர்க்காது. பதிவில்லாமல் யாராவது பாடம் நடத்தினால் ஜெயில். ஆனால் பிள்ளைகள் ஒன்றுகூடி விளையாடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க, சட்டம் எழுதிய புத்திசாலிகள் மறந்து போனார்கள். அந்த ஓட்டைக்குள் டினியோ நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு குடியேறினாள். மாதா கோயிலுக்குப் பின்னால் வெயில் விழுகிற மண் தரை. பெயர், கலாச்சார மன்றம்.

மன்றத்தில் கரும்பலகை கிடையாது. சாக்பீஸ், நோட்டு, பென்சில் எதுவும் கிடையாது. கயிறு தாண்டும்போது ஆப்பிரிக்காவின் ஆறுகளை வரிசையாகப் பாடுவார்கள். எழுத்தை விரலால் புழுதியில் எழுதிக் காலால் அழிப்பார்கள். கணக்குக்கு டிகெட்டோ. மண்ணில் ஒரு குழி, குழி நிறையக் கூழாங்கல், சுற்றி ஏழு பிள்ளைகள். ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்கி வருவதற்குள் குழியிலிருந்து கற்களை வாரி வெளியே போட்டு, வீசிய கல்லையும் பிடிக்க வேண்டும். ஆறு குழி, ஆறு வட்டம். வாய்ப்பாடு முழுவதும் அந்தக் குழிகளில் கிடந்தது.

பாடம் நடத்துவது கஷ்டமாக இல்லை. பிள்ளைகள் பள்ளியில் கற்ற ஒரே ஒரு பாடத்தை மறக்கடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பெரியவர் யார் உள்ளே நுழைந்தாலும் துள்ளி எழுந்து, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்று ராகம் போடுவார்கள். பக்கத்து ஊரில் இரண்டு மன்றங்களை போலீஸ் அப்படித்தான் மூடியது. சார்ஜென்ட் உள்ளே கால் வைத்தார், பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டார்கள், பள்ளிக்கூடம் இல்லையென்றால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார், நடத்தியவர் ஜெயிலுக்குப் போனார்.

டினியோவுக்கு இதில் வெட்கமும் இருந்தது. நான்கு வருஷம் அவள்தான் இவர்களை அப்படி எழுப்பி எழுப்பிப் பழக்கினாள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், உங்கள் வகுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் வகுப்பை நான் பார்த்ததில்லை என்று பாராட்டியபோது மனசு குளிர்ந்து போனவளும் அவள்தான். யாருக்காக நிமிரப் பழக்கினோம் என்று இப்போது நினைத்தால் காது சூடாகியது.

அதற்கும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். திடீரென்று வெளியே போய் வேறு யாரோ போல உள்ளே வருவாள். எழுந்தவன் தன் கல்லையெல்லாம் இழப்பான். முதல் நாள் நாற்பத்திரண்டு பேரும் ஓட்டாண்டி. மூன்றாம் வாரத்தில் சின்னப் பயல் லெஃபா மட்டும் அவ்வப்போது முட்டியைத் தூக்கினான்.

புலெங் மட்டும் முதல் நாளுக்குப் பிறகு ஒரு கல்லைக்கூட இழக்கவில்லை. ஒன்பது வயது. தப்புக் கணக்கைக் கேட்டால் அவளுக்கு உடம்பு பொறுக்காது. அரை மணி பிரசங்கம் என்று சொல்லிவிட்டு நாற்பத்தேழு நிமிஷம் பேசினீர்கள் என்று பாதிரியாரைக் கோயில் வாசலிலேயே மடக்கியவள் அவள்.

ஒரு வியாழக்கிழமை காலை, குளிர் எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, தெரு முனையில் மக்வின்யா பலகாரம் சுட்டு விற்கும் ரடேபே அம்மா, எண்ணெய் காய்ந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். போலீஸ் வருகிறது என்று அர்த்தம். நாற்பத்திரண்டு ஜோடிக் கால்கள் புழுதியைத் தேய்த்தன. எழுத்தெல்லாம் மண்ணாகிவிட்டது.

வெள்ளைக்கார சார்ஜென்ட் உள்ளே வந்து நின்றார். பின்னால் மொழிபெயர்க்க கான்ஸ்டபிள் சிபேக்கோ. அவரும் இதே குடியிருப்புக்காரர்தான், சீருடை போட்ட நாளிலிருந்து யாரும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

சார்ஜென்ட் காத்திருந்தார். ராகம் வரவில்லை. பிள்ளைகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கல்லை வீசினார்கள். லெஃபாவின் முட்டி லேசாக உயர்ந்தது. பக்கத்தில் இருந்த புலெங் அவன் தொடைமேல் முழங்கையை ஊன்றி அழுத்தினாள்.

சார்ஜென்ட்டின் கழுத்து சிவந்தது. தன் வாழ்நாளில் கறுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி தன்னைப் பார்த்ததில்லை என்று சிபேக்கோ வழியாகச் சொன்னார். பிறகு புலெங்கிடம் குனிந்து, ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டார். அவள் குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நெறைய, பாஸ்."

அதைச் சொல்ல அவள் பட்ட பாடு டினியோவுக்குத்தான் தெரியும்.

இதுகள் ஆசிரியர் கையே படாத ஜென்மங்கள் என்று சார்ஜென்ட் முடிவுகட்டினார். அதோடு போயிருக்கலாம். கடமை விடவில்லை. ஒரு வட்டத்தை எண்ணினார், ஏழு. வட்டங்களை எண்ணினார், ஆறு. நோட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதி, எழுதியதைச் சத்தமாகவும் வாசித்தார். அவர் படித்த பள்ளிக்கு அரசாங்கம் செங்கல் கட்டடமும் மைதானமும் கட்டிக் கொடுத்திருந்தது, வாய்ப்பாட்டை மட்டும் எங்கேயோ சிந்திவிட்டார்கள் போல. அடுத்த வியாழன் வருவேன், இதே நாற்பத்தெட்டு இருக்க வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மன்றத்தை மூடி உன்னை உள்ளே தள்ளுவேன் என்றார்.

புலெங்கின் வாய் திறந்தது. டினியோ கையிலிருந்த கல்லை அவள் பக்கம் வீசினாள்.

"உன் ஆட்டம், புடி."

புலெங் பிடித்தாள். பிடித்த வேகத்தில் வாயும் மூடிக்கொண்டது. போலீஸ் தெரு திரும்பியதும்தான் அவள் அடக்கி வைத்ததை விட்டாள்.

"நாப்பத்திரெண்டு. ஆறேழு நாப்பத்திரெண்டுகூட தெரியாதா அந்தாளுக்கு?"

வட்டங்கள் விழுந்து புரண்டு சிரித்தன. டினியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. புலெங் கணக்கைத் திருத்தியிருந்தால் இது பள்ளிக்கூடம்தான் என்று அங்கேயே மாட்டியிருப்பார்கள். திருத்தாததால் ஆறு பிள்ளைகள் குறைகிறார்கள். மறுத்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே இங்கேயோ வேறு மன்றத்திலோ. பள்ளிக்கு அனுப்புகிற வீட்டில் போய்க் கேட்டால், பயத்தில் கதவைச் சாத்துவார்கள்.

சிபேக்கோ தனியாகத் திரும்பி வந்தார். கையுறையை விட்டுவிட்டேன் என்றார். கையுறை இரண்டும் அவர் கையிலேயே இருந்தன.

"ஆறு பேருக்கு என்ன பண்ணப் போற தங்கச்சி?"

"தப்புன்னு தெரிஞ்சும் பேசாம நின்னீங்களே அண்ணே."

"அவரு கணக்க நான் திருத்துனா அன்னைக்கே என் தொப்பி போயிரும்." அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "எம்மூத்தவ நாலாம் கிளாஸ். இந்த மாசம் என்னம்மா படிச்சேன்னு கேட்டேன். சன்னல் கண்ணாடிய நியூஸ் பேப்பர் வச்சுத் தொடச்சா கோடு விழாதாம். நெசந்தான், விழாது. அதுக்காடா நான் பிள்ளைய அனுப்புனேன்னு இருந்துச்சு. எங்க வீட்ல மூணு இருக்கு. கூட வேல பாக்குற ன்கோமோ வீட்ல மூணு. அவன்கிட்ட பேசிட்டேன்."

டினியோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போலீஸ் பிள்ளைகள் ஆறு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தால், இது பொறியாக இருந்தால், எல்லாம் தீர்ந்தது. பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்களே என்றாள். அடிக்கட்டும் என்றார். சார்ஜென்ட் கண்டுபிடித்துவிட்டால் என்றாள்.

"பதினோரு வருசமா அவரு பின்னாடி நடக்கறேன். எம்பிள்ளைங்க பேர்கூட கேட்டதில்ல. நம்ம பிள்ளைங்க மூஞ்சி அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

டினியோ அதற்கு மேல் யோசிக்கவில்லை. சரி, அனுப்புங்கள் என்றாள்.

திங்கட்கிழமை ஆறு பேரும் கஞ்சி போட்ட சட்டையில் வந்து வரிசையாக நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் போட்டார்கள். மன்றமே கைகொட்டிச் சிரித்தது. சிபேக்கோவின் மூத்தவள் மகாசூலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புலெங் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் உட்கார வைத்தாள்.

"இங்க மொதப் பாடமே ஒக்காரதுதான். எந்திரிச்சா கல்லு போயிரும்."

செவ்வாய்க்கிழமை மகாசூலா பதினான்கு கல் இழந்தாள். புதன்கிழமை மூன்று.

வியாழக்கிழமை ரடேபே அம்மாவின் எண்ணெய் மறுபடி காய்ந்தது. சார்ஜென்ட் வந்தார். இந்த முறை ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். டினியோ அந்த விரலோடு கூடவே மனசுக்குள் எண்ணினாள். நாற்பத்தெட்டு. என் கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை என்று அவர் சிபேக்கோவிடம் பெருமையாகச் சொல்லி நோட்டை மூடினார். அசட்டு ஜனங்கள் அசட்டு விளையாட்டு விளையாடுகிறார்கள், இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்றார்.

மகாசூலா தலையை நிமிர்த்தினாள். எதிரே வெள்ளைக்கார சார்ஜென்ட், அவருக்குப் பின்னால் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு அப்பா. அவள் முட்டி அசையவில்லை. கல்லை மேலே வீசினாள், குழியிலிருந்து வாரினாள், இறங்கிய கல்லைப் பிடித்தாள். சிபேக்கோவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, சார்ஜென்ட் திரும்புவதற்குள் போய்விட்டது. டினியோ அதைப் பார்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் பாராட்டிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அவர்கள் போன பிறகு புலெங் எழுந்து ஆறு குழியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு குழியிலும் எட்டுப் பேர்.

"ஆறெட்டு நாப்பத்தெட்டு," என்றாள். "இப்பதான் சரி."