யாரைப் பார்க்க வந்தீங்க?

டிரம்ஸ் வாசிக்க வேண்டியவள் ஒரு மாதமாக டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் வேலை. இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம்கூட, மருந்தோடு ஒரு டிக்கெட்டையும் நீட்டிப் பார்த்தாள். அவர் இருமியபடியே நழுவிவிட்டார். பல குழுக்கள் வாசிக்கும் இசை நிகழ்ச்சி அது. அதன் ஏற்பாட்டாளர் கறாராகச் சொல்லியிருந்தார்: கொடுத்ததை விற்றால் மேடை, விற்காவிட்டால் கைக்காசு. அரங்கம் அவருடையது, லாபமும் அவருடையது. நாயாய் அலைவது மட்டும் வாசிக்கிறவர்கள். இதற்குப் பெயர் வாய்ப்பாம்!

அம்மாதான் கைகொடுத்தாள். தையல் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்கள் தலையில் பாதி டிக்கெட்டைக் கட்டிவிட்டாள். இத்தனை வருஷமாக அடுத்த அறையிலிருந்து "காது கிழியுதுடி" என்று கத்தியவள், மகளை மேடையில் பார்க்கப்போகிறோம் என்றதும் புதுச் செருப்பே வாங்கினாள். மகளுக்கும் அந்த ஒரே ஆசைதான்: தன் குழு வாசிக்கப்போகும் ஐந்து பாட்டையும் அம்மா எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

விற்றதோடு தொல்லை விட்டதா? நிகழ்ச்சியன்று வாசலில் நின்ற ஆள், வருகிறவர்களிடமெல்லாம் "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். எந்தக் குழுவின் பெயரை அதிகம் பேர் சொல்கிறார்களோ, அதற்குத்தான் அதிக நேரம்.

இது மகளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மற்றக் குழுப் பிள்ளைகளும் கிட்டாரும் கையுமாக அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே தன் பெண்ணின் குழுவை மட்டும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எல்லாரையும் பார்க்கத்தான்பா வந்தோம்," என்றாள். பின்னால் வந்த தையல் கூட்டம் மொத்தமும் அதையே சொன்னது.

மேடை ஏறும் நேரத்தில் ஏற்பாட்டாளர் வந்தார். "உங்க குழுவைச் சொன்னவங்க நாலே பேர். ஒரு பாட்டு வாசிச்சிட்டு இறங்கிடுங்க."

"டிக்கெட் மொத்தமும் வித்துட்டோமே சார்!"

"வாசல்ல என்ன சொல்றாங்களோ அதுதான் கணக்கு."

விஷயம் காதில் விழுந்ததும் அம்மா பதறிப்போய் வாசலுக்கு ஓடினாள். "தம்பி, நான் என் பொண்ணுக்காகத்தான் வந்தேன். மாத்தி எழுதிக்கப்பா," என்று கெஞ்சினாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மேடையில் விளக்கு விழுந்தது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அம்மாவின் நாற்காலி காலி. அம்மா வாசலிலிருந்து திரும்பி வருவதற்குள் அந்த ஒரு பாட்டும் முடிந்துபோயிருந்தது.

"தப்பு என் மேலதான்டி," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "அடுத்த தடவை யார் முகத்தையும் பாக்காம உங்களை மட்டும் சொல்லிடறேன்."

அதைக் கேட்டதும்தான் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஏற்பாட்டாளன் நேரத்தைப் பிடுங்கினான், போகட்டும். நாலு பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தவளைக் குற்றவாளியாக்கி நிறுத்திவிட்டானே, பாவி!

விறுவிறுவென்று ஏற்பாட்டாளர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்த முகமாக, அடுத்த நிகழ்ச்சிக்கான டிக்கெட் கட்டை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"முதல்ல எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க சார்," என்றாள், மொத்த அரங்கத்துக்கும் கேட்கும்படி.